ஆன்டினோரி ஒயின் நிறுவனம்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள புளோரன்ஸ் நகரைச் சேர்ந்த ஆன்டினோரி, உலகின் மிகப் பழைய குடும்ப நிறுவனங்களுள் ஒன்று. 1385 முதல் 26 தலைமுறைகளாக இக்குடும்பம் ஒயின் தொழிலில் உள்ளது. தின்யானெல்லோ, சொலாயா ஆகிய ஒயின்கள் இதன் புகழ்பெற்ற தயாரிப்புகள்.

தொடக்கம்

1385-இல் ஜொவான்னி தி பியெரோ ஆன்டினோரி, புளோரன்ஸ் ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டையே குடும்பம் தன் தொழிலின் தொடக்கமாகக் கொள்கிறது. ஆயினும் பட்டுத் தொழிலும் வங்கித் தொழிலுமே அப்போது குடும்பத்துக்குச் செல்வம் சேர்த்தன. 1506-இல் நிக்கோலோ ஆன்டினோரி நகரின் நடுவே ஒரு மாளிகையை விலைக்கு வாங்கினார். போனி குடும்பத்துக்காக 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அது, இன்று ஆன்டினோரி மாளிகை என வழங்குகிறது.

நிறுவனம் உருவாதல்

1898-இல் லொதோவிக்கோ, பியெரோ என்னும் சகோதரர்கள் குடும்பத்தின் ஒயின் தயாரிப்பை முறையான நிறுவனமாக்கினர். கியாந்தி மலைப்பகுதியின் சான் கஷானோ ஊரில் ஒயின் கிடங்குகள் எழுந்தன. பியெரோவின் மகன் நிக்கோலோ, 1924-இல் பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைகளைக் கலந்து கியாந்தி ஒயின் தயாரித்தார். உள்ளூர் மரபை மீறியதாக அது கண்டனத்துக்கு உள்ளானது. 1940-இல் அவர் ஓர்வியெத்தோ அருகே உள்ள சாலா கோட்டையை அதன் நிலங்களோடு வாங்கினார்.

தின்யானெல்லோ

நிக்கோலோவின் மகன் பியெரோ (பிறப்பு 1938) 1966-இல் பொறுப்பேற்றபோது டஸ்கனியின் வேளாண்மை தடுமாறிக்கொண்டிருந்தது. நிலவுடைமையாளரும் உழவரும் விளைச்சலைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்ட வாரச் சாகுபடி முறை கலைந்து, உழவர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வைக்கோல் பின்னிய குடுவையில் வந்த கியாந்தி, மலிவான ஒயின் என்றே பெயரெடுத்திருந்தது. அதன் செந்நிற ஒயினில் 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டின் அரசு விதி கட்டாயப்படுத்தியது. இக்கலப்பு ஒயினின் நிறத்தையும் சாரத்தையும் நீர்க்கச் செய்தது. நெடுங்காலம் முதிரவும் விடவில்லை.

பியெரோவும் ஒயின் வல்லுநர் ஜாக்கமோ தாக்கிஸும் மாற்று வழி தேடினர். போர்தோ பேராசிரியர் எமில் பேனோ ஆலோசனை வழங்கினார். தின்யானெல்லோ தோட்டத்தில் விளைந்த சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையின் ஒயினைச் சிறு ஓக் மரப் பீப்பாய்களில் முதிரவிட்டனர். 1970-ஆம் ஆண்டு ஒயின் கியாந்தி என்ற பெயரிலேயே வந்தது. 1971-ஆம் ஆண்டு ஒயினில் அப்பெயர் கைவிடப்பட்டது. விதிக்கு உட்படாததால், ‘மேசை ஒயின்’ என்ற கடைநிலைத் தகுதியே அதற்குக் கிடைத்தது. 1975 முதல் வெள்ளைத் திராட்சை அறவே நீக்கப்பட்டு, கேபர்னே திராட்சை வகைகள் கலக்கப்பட்டன. அதிகாரப்பூர்வத் தகுதியில் கடைசியில் நின்ற ஒயின், விலையிலோ பெரும்பாலான கியாந்திகளை விஞ்சியது. பிற தயாரிப்பாளர்களும் இவ்வழியைப் பின்பற்ற, ‘சூப்பர் டஸ்கன்’ என்ற வகை தோன்றியது.

காலப்போக்கில் அரசு விதிகளே இறங்கிவந்தன. 1996-இல் கியாந்தியின் ஒரு வகையான கியாந்தி கிளாசிக்கோவை முழுவதும் சாஞ்சோவேசேயால் தயாரிக்க அனுமதி கிடைத்தது. 2006 முதல் அதில் வெள்ளைத் திராட்சை சேர்ப்பதே தடைசெய்யப்பட்டது.

விரிவாக்கம்

1978-இல் கேபர்னே சோவின்யோனை முதன்மையாகக் கொண்ட சொலாயா அறிமுகமானது. அதன் 1997-ஆம் ஆண்டு ஒயினை அமெரிக்காவின் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழ் 2000-இன் தலைசிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. 1980களில் பிரித்தானிய நிறுவனமான விட்பிரெட்டுக்கு விற்ற பங்குகளைக் குடும்பம் பின்னர் மீட்டுக்கொண்டது. பியெமோன்தே, புலியா பகுதிகளிலும், அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கிலும் தோட்டங்கள் சேர்ந்தன.

இன்றைய நிலை

பார்ஜினோ ஊரில் மலைச்சரிவுக்குள் அமைந்த புதிய தயாரிப்பகம் 2012-இல் திறக்கப்பட்டது. அதன் கூரைமேல் திராட்சைக் கொடிகள் பயிராகின்றன. பியெரோவுக்கு அல்பியேரா, அல்லேக்ரா, அலெஸ்ஸியா என மூன்று மகள்கள். மூவரும் நிறுவனத்தில் பணியாற்றுகின்றனர். மூத்தவரான அல்பியேரா இப்போது தலைவராக உள்ளார். பங்குகள் சிதறி நிறுவனம் பிறர் கைக்குப் போய்விடாதபடி, உடைமையைக் குடும்ப அறக்கட்டளை ஒன்றின்கீழ் பியெரோ கொண்டுவந்துள்ளார்.