ஜூன் 25, மலையில்

ஜூன் 25 என்றால் வகுப்பில் எல்லோரும் 1975ஐத்தான் சொல்வார்கள். இந்திரா காந்தி அரசு நெருக்கடி நிலையை அறிவித்த நாள். கல்வராயன் மலைக்கு அதே தேதி வேறு வகையில் முக்கியமானது. சரியாக ஓராண்டு கழித்து, 1976 ஜூன் 25இல்தான் ஜாகிர்தார்களின் ஆளுகை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது.

எங்கள் களமருதூர்ப் பக்கத்துச் சமவெளி 1952லேயே ஓட்டுப் போட்டுவிட்டது. மேற்கே மலையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று கதை. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஏருக்கும் கொத்துக்கும் வரி கட்டினார்கள், ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். கொத்து பிடித்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்பது வரிக்குத் தேவைப்படவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் உறுப்பு 1950இல் வந்தது. இரண்டும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன.

அப்படியானால் நெருக்கடி நிலை நல்லதுதானே மேடம் என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976 பிப்ரவரியில்தான் வந்தது. ஆனால் அந்த ஜனவரி 31 அன்றே தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ஏப்ரல் 28 அன்று, காரணமில்லாமல் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். நாடு முழுக்க யாரும் வாய் திறக்க முடியாத மாதங்களில் மலையின் எஜமான் மாறினான். ஜாகிர்தார் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அடுத்து என்ன வேண்டும் என்று மலையில் யாரையும் கேட்கவில்லை.

கேட்காததன் விலை நிலத்தில் தெரிந்தது. தலைமுறையாகப் பயிரிட்ட பலர் வனத்துறைக் கணக்கில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம்தான் முதல்முறையாக முடிவைக் கிராம சபையிலிருந்து தொடங்கச் சொன்னது. வன உரிமைக் குழுவில் மூன்றிலொரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மணமானவர் என்றால் பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். கொத்து பிடித்த கைக்கு ஒரு பெயர் கிடைத்தது அங்கேதான். அந்தச் சட்டமும் இங்கே எளிதில் நகரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, மலை மக்களின் நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் அடிப்படைத் தேவைகள். 1976க்குப் பிறகு நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வன உரிமைக்கான கிராம சபை கூடினால் வந்திருப்பவர்களில் மூன்றிலொருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. வெள்ளிமலையில் பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்லித்தருவது இந்த விதியைத்தான்.