முதலைக்குடா எண்டு பேர் வைச்ச மண்ணுக்கு முதலை புதுசா?

மாரி மழை கொட்டி வாய்க்கால் நிரம்பினால் போதும், ‘ஊருக்குள்ள முதலை வந்திட்டு’ எண்டு யாராவது ஒரு வீடியோ போட்டிருவாங்க. கயிறு கட்டி இழுக்கிற ஆக்கள், செல்பி எடுக்கிற தம்பிமார், ‘அடிச்சுக் கொல்லுங்கடா’ எண்டு கீழே கருத்துகள். அந்த ‘வந்திட்டு’ எண்ட சொல்லைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. பாண்டிருப்பிலிருந்து கிழக்கே போனால் கடல். மேற்கே போனால் வயல் வட்டை, அதற்கப்பால் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கிராமம் இருக்கு. அதன் பேர் முதலைக்குடா. அந்தப் பேரை வைச்ச ஆக்களுக்கு முதலை ஒரு செய்தி இல்ல, விலாசம்.

தமிழுக்கும் முதலை பழைய அறிமுகம்தான். பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, ஆற்றின் ஆபத்துகளைச் சொல்லும்போது முதலை, இடங்கர், கராம் எண்டு மூன்று பேர்களைத் தருகிறது. பார்த்த மிருகத்தை வகை பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அந்த மனிதர்களுக்கு இருந்திருக்கிறது. நாம இண்டைக்கு எல்லாத்தையும் ‘முதலை’ எண்டு ஒரே சொல்லில் முடிச்சிடுறோம்.

ஆனா இலங்கையில் இருப்பது இரண்டு இனம். ஒண்டு சதுப்பு நில முதலை. குளம், ஆறு, வாய்க்கால் எண்டு நன்னீரில்தான் இதற்குக் கூடுதல் வாழ்க்கை. மற்றது உவர்நீர் முதலை. கழிமுகம், கண்டல் காடு, களப்பு எல்லாம் இதன் இடம். நாக்கில் உள்ள சுரப்பிகளால் மிகுதி உப்பை வெளியேற்றும் என்பதால் கடலிலும் நெடுந்தூரம் போகக்கூடியது. சதுப்பு நில முதலை கரையில் குழி தோண்டி 25, 30 முட்டை அளவில் இடும். உவர்நீர் முதலை இலைதழைகளைக் குவித்து மேடு கட்டி, 40 முதல் 60 வரை இட்டு, பக்கத்திலேயே காவல் கிடக்கும். இரண்டிலும் குஞ்சு ஆணா பெண்ணா எண்டு தீர்மானிப்பது கூட்டின் வெப்பநிலை. கரையை வெட்டினாலும் கண்டலை அழித்தாலும் அடிபடுவது முதலில் இந்தக் கூடுகள்தான்.

வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளும் சுவாரசியமானவை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியான இயற்கை வரலாற்று நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். நில அளவைத் திணைக்களத்து அதிகாரி ஒருவர் வற்றிய குளத்தின் தரையில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறார். இரவில் கட்டிலுக்குக் கீழே மண் அசைவது போல இருந்ததாம். அடுத்த நாள் அங்கிருந்து எழும்பி வந்தது ஒரு முதலை! கேட்கக் கட்டுக்கதை போல இருக்கும். ஆனா கோடையில் தண்ணீர் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்தோ வளை தோண்டியோ கிடந்து, மழை வந்ததும் வெளியே வருவது சதுப்பு நில முதலையின் வழக்கம். வீடியோவில் ‘வந்திட்டு’ எண்டு சொல்லப்படுகிற முதலை, கோடை முழுக்க அங்கேயே கிடந்ததாகவும் இருக்கலாம்.

பிறகு வந்தது தோல் வியாபாரம். துப்பாக்கியும் சந்தையும் சேர்ந்தபோது இலங்கையில் மட்டுமில்ல, உலகம் முழுக்க முதலைகள் சரிந்தன. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1936இல் இலங்கைச் சதுப்பு நில முதலையைத் தனி உபஇனமாக வகைப்படுத்தி, ‘கிம்புல’ எண்ட சிங்களப் பேரையே அதற்கு வைத்தார். அடுத்த ஆண்டு, 1937இல், விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இண்டைக்கு இரண்டு இனமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

சட்டமும் பொறுமையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க முதலை நல்ல உதாரணம். புளோரிடாவில் 1975இல் சில நூறுதான் மிஞ்சியிருந்தது. அந்த வருஷம் அழியும் அபாயத்தில் உள்ளதாக அறிவித்துக் காத்தார்கள். 2007இல் அபாய நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. இப்ப வளர்ந்த முதலைகளே 2,000 அளவில் இருக்கு. அணு மின் நிலையம் ஒண்டின் குளிரூட்டும் கால்வாய்க் கரையிலகூட அவை முட்டையிடுகின்றன.

ஆனா புளோரிடாவையும் நம்மளையும் அப்படியே ஒப்பிட ஏலாது. அமெரிக்க முதலை மனிதரைத் தாக்குவது அங்கே மிக அபூர்வம். நம்மட இரண்டு இனமும் ஆளைக் கொல்லக்கூடியவை. 2017 செப்டெம்பரில் அறுகம்குடாப் பக்கம் பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவர் முதலையால் இறந்தபோது உலகமே பேசியது. தூண்டில் போடுறவர், வலை இழுக்கிறவர், மாடு குளிப்பாட்டுறவர், துணி துவைக்கிற பெண்கள் தண்ணிக்குள்ள நிண்டுதான் பிழைக்கிறாங்க. அவங்களிட்ட போய் ‘இயற்கையை நேசியுங்கள்’ எண்டு பாடம் எடுக்கிறது நியாயமே இல்ல.

அதுக்குச் செய்யக்கூடிய வேலைகள் இருக்கு. மாத்தறையில் நில்வளா கங்கைக் கரையில், குளிக்கிற துறையைச் சுற்றி ஆற்றுக்குள் வேலி அடைத்து வைப்பார்கள். ‘கிம்புல் கொட்டுவ’ எண்டு சொல்வார்கள். பழைய யோசனை, செலவும் பெரிசில்ல. நம்மட வாவித் துறைகளிலும் அப்படி வேலி வேணும் எண்டு பிரதேச சபையிட்ட கேட்கலாம். இறைச்சிக் கழிவையும் மீன் கழிவையும் தண்ணிக்குள்ள கொட்டுறதை நிறுத்தலாம். அது நாமளே முதலைக்குப் போடுற விருந்து. கண்ட முதலையைக் கயிறு போட்டு இழுக்காம வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லலாம்.

வாவியை நிரப்பி மதில் கட்டுறதைக் கேள்வி கேட்காத நாம, மதிலுக்கு வெளியே கிடக்கிற முதலையை மட்டும் அத்துமீறி வந்தது எண்டு சொல்றோம். அடுத்த மாரிக்கும் அந்த வீடியோ வரும். பகிர முதல், அந்த இடத்தில பத்து வருஷத்துக்கு முன்னால என்ன இருந்தது எண்டு ஊர்ப் பெரியவங்களிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க.