தன் இடத்தைத் தானறியும் பொறி

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆற்றலின் வரலாற்றையே எழுதினர். நீராவி வந்தது, மின்சாரம் வந்தது, எண்ணெய் வந்தது என்று அவ்வரலாறு நடக்கும். பொறியொன்று தான் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை எவ்வாறு அறிந்துகொண்டது என்னும் வினா அந்நூல்களில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். எனினும், நாற்பதாண்டுப் பழைமையுடைய தொழிற்சாலை றொபோ ஒன்றிற்குப் புதிய மூளை பொருத்த முனைவோர் முதன்முதல் முட்டிக்கொள்வது இவ்வினாவிலேயேயாம். இரும்புக் கை உறுதியாக இருக்கும். பற்சக்கரங்களும் மோட்டர்களும் நன்னிலையில் இருக்கும். அவற்றை ஆண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியோ உதிரிப்பாகம் கிடையாது செயலற்றுப் போயிருக்கும். கையினின்று வெளிவரும் கம்பிகள் யாது பேசுகின்றன என்று அறிந்தாலன்றி, அக்கை பழைய இரும்பின் விலைக்கே போகும்.

இவ்வினா நம்மூரார்க்குப் புதியதன்று. புளியங்குளத்தினூடாகச் செல்லும் வடபகுதிப் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதை. தலைநகரையும் யாழ்ப்பாணத்தையும் 1905 ஆம் ஆண்டில் இணைத்தது. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி எங்குள்ளது என்பதை இரு நிலையங்களும் ஐயமற அறிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் தோர்ப் என்னும் ஊரருகே 1874 இல் இரு வண்டிகள் எதிரெதிரே மோதின. அவ்விபத்தின் பின்னரே எட்வேட் தையர் என்பார் 1878 இல் தம் கருவியை அமைத்தார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் இருக்கும். ஒரு வட்டத் தகடு வெளியே எடுக்கப்பட்டதும் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அத்தகடு மீண்டும் உள்ளே புகும்வரை மற்றொன்று வெளிவராது. தகட்டைக் கையிற் கொண்ட சாரதியே பாதையுட் புகலாம். இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் இம்முறை நெடுங்காலம் வழங்கிற்று.

போரினால் 1990 இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்களும் மறைந்தன. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீள அமைக்க, 2013 செப்தெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்தோபரில் யாழ்ப்பாணத்திற்கும் வண்டி ஓடிற்று. பழைய தடத்தின்மேற் புதிய சைகை முறையும் வந்தது. உலகின் பல பாதைகளில் இன்று தகட்டின் இடத்தை அச்செண்ணும் கருவி பெற்றுள்ளது. தண்டவாளத்தின் ஓரத்தில் சிறிது இடைவெளி விட்டு இரண்டு உணர்கருவிகள் இருக்கும். முதலாவது முன்னர் உணர்ந்தால் வண்டி உட்புகுகின்றது. இரண்டாவது முன்னர் உணர்ந்தால் வெளியேறுகின்றது. ஒன்றேயாயின் எண்ணிக்கை கிடைக்கும், திசை கிடையாது. றொபோவின் மோட்டர் முனையில் உள்ள என்கோடர் என்னும் சிறு கருவியின் உயிர்நிலை முழுவதும் இவ்விரண்டு என்பதில் அடங்கியுள்ளது.

என்கோடரின் உள்ளே மெல்லிய தட்டு ஒன்று மோட்டருடன் சுழலும். அதன் விளிம்பில் ஒளி புகும் கோடுகளும் புகாக் கோடுகளும் மாறிமாறி அமையும். ஒருபுறம் விளக்கு, மறுபுறம் இரண்டு ஒளியுணர்கருவிகள். அவை ஒன்றற்கொன்று, ஒளி புகும் கோடும் புகாக் கோடும் சேர்ந்த இணையொன்றின் அகலத்தில் காற்பங்கு முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். முதலாவதன் சைகையை ஏ என்றும் மற்றதன் சைகையை பீ என்றும் வழங்குவர். முன்னோக்கிச் சுழலும்போது அவை 00, 10, 11, 01 என நிலைமாறும். பின்னோக்கின் 00, 01, 11, 10 என மாறும். எவ்விடத்தும் ஒருமுறைக்கு ஓர் இலக்கமே மாறுகின்றது என்பதை மாணாக்கர் உற்று நோக்குக. 00 இலிருந்து 11 இற்குத் தாவியதாகக் கருவி கூறுமாயின், இடையில் ஒரு நிலை தவறிற்று என்பது பொருள்.

ஓரிலக்கமே மாறும் இவ்வொழுங்கிற்குத் தனி வரலாறு உண்டு. பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியியலார் எமில் போடோ 1870-களிலேயே இதையொத்த வரிசையைக் கையாண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராங்க் கிறே 1947 இல் விண்ணப்பித்து 1953 இற் பெற்ற உரிமையால் அது கிறே குறியீடு எனப் பெயர்பெற்றது. வழக்கமான இரட்டை எண்முறையில் மூன்று 011, நான்கு 100. மூன்று இலக்கங்களும் ஒருங்கே மாறவேண்டும். பொறிக்கோ ஒருங்கே என்பது இல்லை. ஒன்று சற்று முந்தும், ஒன்று பிந்தும். அவ்விடைக்கணத்திற் படித்தால் ஏழென்றும் வரலாம், சுழியென்றும் வரலாம். கிறே முறையில் மூன்று 010, நான்கு 110. பிழை நேரினும் அடுத்த எண்ணுக்கு மேற் செல்லாது.

இனி இயந்திரக்கைக்கு வருவோம். ஜோர்ஜ் டெவொல் 1954 இல் உரிமைக்கு விண்ணப்பித்த பொறியே யுனிமேற் என்னும் பெயருடன் 1961 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் நியூ ஜேர்சித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தது. விக்டர் ஷைன்மன் 1969 இல் ஸ்ரான்பர்ட் பல்கலைக்கழகத்தில் மின்மோட்டரால் இயங்கும் கையொன்றை வகுத்தார். அவ்வழியில் 1978 இல் யுனிமேஷன் நிறுவனம் வெளியிட்ட பூமா, ஆய்வுகூடங்கள் பலவற்றிற் புகுந்தது. அதன் 560 ஆம் வகை ஆறு மூட்டுகளை உடையது, எல்.எஸ்.ஐ.-11 கணினி தலைமை வகிக்க, மூட்டுக்கொரு நுண்செயலி ஏவல் செய்யும்.

தட்டில் 250 கோடுகள் எனக் கொள்வோம். கோட்டிற்கு நான்கு நிலைமாற்றங்களாக மோட்டரின் ஒரு சுற்றுக்கு 1000 எண்ணிக்கை கிடைக்கும். பூமாவின் இடுப்பு மூட்டில் மோட்டர் ஏறத்தாழ 62.6 முறை சுழன்றாலே கை ஒருமுறை சுழலும். ஆகவே கையின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 174 எண்ணிக்கைகள். நுட்பம் போதியதே. ஆயினும் மின்னை நிறுத்தினால் எண்ணிக்கை முழுவதும் மறந்துபோகும். மீண்டும் விழிக்கும் பொறிக்குத் தான் எத்தனை படி நகர்ந்தேன் என்பது தெரியும். எங்கிருந்து தொடங்கினேன் என்பது தெரியாது. இக்குறையை நீக்க மோட்டரின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மட்டும் எழும் குறித்துடிப்பு ஒன்றை வைத்தனர். அத்துடிப்பு எந்தச் சுற்றினது? அதைக் கூறுவதற்கே ஒவ்வொரு மூட்டிலும் மாறுதடை ஒன்றையும் வைத்தனர். மாறுதடை பருவெட்டாகச் சுற்றைச் சொல்லும். குறித்துடிப்பு அச்சுற்றினுள் புள்ளியைச் சொல்லும். இம்மாறுதடையைப் பழங்காலத்து மிச்சமென்று கழற்றியெறிவோர் உளர். அவர்கள் பொறியைப் பழுதுபார்க்கவில்லை, அதன் நினைவை அறுக்கின்றனர் என்பேன்.

சைகையை அறியாது மின்னூட்டுதல் ஆபத்தானது. ஏ, பீ இரண்டும் இடம்மாறி இணைக்கப்பட்டதாகக் கொள்க. கட்டுப்பாட்டுக் கருவி கையை முன்னே செலுத்தும், எண்ணிக்கையோ குறையும். பின்தங்கினேன் என்று கருதி அது இன்னும் விசையாகச் செலுத்தும். எண்ணிக்கை இன்னும் குறையும். முடிவில் கை முழுவேகத்துடன் தன் எல்லைத் தடையில், அன்றி அருகில் நிற்பவர்மீது மோதும். ஆகவே மோட்டர்க் கம்பியை நீக்கிவிட்டு மூட்டைக் கையாற் சுழற்றி, ஒசிலஸ்கோப் எனும் அலைவுகாட்டியில் இரு சைகைகளையும் நோக்கி, எது முந்துகின்றது எனக் குறித்துக்கொண்ட பின்னரே மின்னூட்டல் தகும். திசை தவறெனின் ஏ, பீ இரண்டையும் மாற்றுக. அல்லது மோட்டரின் இரு கம்பிகளையும் மாற்றுக. இரண்டையும் ஒருங்கே மாற்றின் பழைய தவறே மிஞ்சும். தடுப்பை விடுவிக்குமுன் கைக்கு முட்டுக் கொடுத்தலும் வேண்டும். பூமாவின் தோள் தன் பாரத்தாலேயே கீழே விழும்.

மற்றொன்று ஓசையின்றி வரும் கேடு. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் மோட்டர் மேற்சொன்ன தட்டில் நொடிக்கு 50,000 நிலைமாற்றங்களைத் தரும். இவற்றை எண்ணத் தனி எண்ணிச்சுற்று வேண்டும். பல வேலைகளுக்கிடையே எட்டிப்பார்க்கும் நிரல் தவறவிடும். மோட்டர்க் கம்பியின் மின்னிரைச்சலும் இல்லாத துடிப்பைப் புகுத்தும். ஆதலின் நல்ல என்கோடர்களில் ஒவ்வொரு சைகையும் தன் எதிர்ச்சைகையுடன் இரட்டைக் கம்பியில் வரும். இரைச்சல் இரண்டிலும் ஒப்பப் படிவதால் வேறுபாட்டைக் கொள்ளும் வாங்கி அதைத் தள்ளிவிடும். ஓர் இணையில் ஒரு கம்பியே போதுமென்று மற்றதை வெட்டுதல் சிக்கனமன்று.

பின்வந்த பொறிகளில் நிலைமை வேறு. என்கோடரே தன் எண்ணிக்கையைப் பற்றரியின் துணையால் மின்னில்லாப் பொழுதும் காத்து, தொடர்வரிசைச் செய்தியாக அனுப்பும். பற்றரி தீர்ந்தால் தொடக்கநிலை மறந்துபோகும். செய்தியின் இலக்கண‌மோ அதைச் செய்தவர் கைக்குள் இருக்கும். படிப்பாரற்ற எழுத்தில் அமைந்த ஏடு போன்றது அது. பூமா அவ்வாறன்று, பீற்றர் கோர்க் என்னும் அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1990-களில் அதன் உட்சுற்றுகளை ஆராய்ந்து விரிவாக எழுதிவைத்தார். அப்பொறிக்குப் பலர் புதுவாழ்வு அளிக்க முடிந்ததற்கு அவ்வெழுத்தும் ஒரு காரணம். அத்தகைய எழுத்து இல்லாத பொறிக்கு, கம்பி ஒவ்வொன்றின் நிறத்தையும் முனையின் எண்ணையும் வோல்ற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவதே முதல் வேலை. பழைய பெட்டியைக் கழற்றுவது அதற்குப் பின்னர்.