ஃப்ரீநோட்: காலியான ஒரு திண்ணையின் கதை

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு சுத்து சுத்திடலாம் மக்களே :-)

2005 வாக்கில வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு, சவுண்டு மட்டும் வரலை. யாரோ சொன்னாங்கன்னு எக்ஸ்சாட்டைத் திறந்து ஃப்ரீநோடுக்குள்ள நுழைஞ்சேன். ராத்திரி பதினோரு மணி, டயல்-அப் பில் ஒரு பக்கம் ஏறுது. தட்டுத் தடுமாறி நான் கேட்ட கேள்விக்கு, முகம் தெரியாத ஒரு பிரேசில்காரர் ஒன்றரை மணி நேரம் பொறுமையா பதில் சொன்னார். சவுண்டு வந்துடுச்சு! அவர் பேர் தெரியாது, நிக் மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் பல வருஷம் அப்பப்போ அந்த நிக்கோட பேசிக்கிட்டிருந்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கட்டற்ற மென்பொருள் எழுதுற தன்னார்வலர்களுக்கு ஆபீஸ் கிடையாது. அவங்க பேசிக்கிற இடம்தான் ஆபீஸ். ரொம்ப காலத்துக்கு அந்த இடம் ஐஆர்சியா இருந்துச்சு. 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்துல யார்க்கோ ஓய்க்கரினென் எழுதினது. அதோட நெறிமுறை 1993-லயே வெளிப்படையா வெளியாயிடுச்சு. யார் வேணாலும் சர்வர் வைக்கலாம், எந்த மென்பொருள் வச்சும் உள்ளே நுழையலாம். ஆமை வேக லைன்லகூட ஓடும்.

ஃப்ரீநோட் முதல்ல லினக்ஸ் உதவிக்கான ஒரு சின்ன அறைதான். ராப் லெவின் அதை வளர்த்தார். 1998-ல் 'ஓப்பன் ப்ராஜெக்ட்ஸ் நெட்வொர்க்' ஆச்சு, 2002-ல் ஃப்ரீநோட்ங்கிற பேர் வந்துச்சு. 2006 செப்டம்பர்ல சைக்கிள்ல போகும்போது கார் மோதி அவர் இறந்துட்டார். அப்பவும் திண்ணை காலியாகலை. தன்னார்வலர்கள் எடுத்து நடத்தினாங்க. உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியான்னு பெரிய தலைகள் எல்லாம் அங்கதான் கூடிப் பேசுச்சு.

2017-ல் ஃப்ரீநோட் பேர்ல இருந்த கம்பெனி ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபர் கைக்குப் போச்சு. அறைக்குள்ள பேசிக்கிட்டிருந்த நம்மள்ல பெரும்பாலானவங்க அதைக் கவனிக்கவே இல்லை. 2021-ல் பிரச்சினை வெடிச்சுது. இது அடாவடியான கைப்பற்றல்னு பணியாளர்கள் சொன்னாங்க. எல்லாம் சட்டப்படி தனக்குச் சொந்தம், கைப்பற்றல்னு எதுவும் இல்லைன்னு அவர் சொன்னார். மே 19-ம் தேதி பணியாளர்கள் கூட்டமா ராஜினாமா பண்ணிட்டு, அன்னிக்கே லிபெரா.சாட்னு புது இடம் திறந்தாங்க. ஸ்வீடன்ல பதிஞ்ச, லாப நோக்கமில்லாத அமைப்பு அது. ஒரே வாரத்துல, லிபெராவைப் பத்தித் தலைப்புல குறிப்பிட்டிருந்த நூத்துக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் எடுத்துக்கிச்சு. தயங்கிக்கிட்டிருந்தவங்களும் மூட்டையைக் கட்டிட்டாங்க.

இதுல ஒரு விசயம் பாருங்க. இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு சீக்கிரமா இடம் மாற முடிஞ்சதுக்குக் காரணம், நெறிமுறை யாருக்கும் சொந்தமில்லைங்கறதுதான். பழைய மென்பொருளே போதும், சர்வர் பேரை மட்டும் மாத்தினா முடிஞ்சுது. ஒரே கம்பெனியோட மூடின செயலியில் இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

அதுக்காக ஐஆர்சிதான் உசத்தின்னு நான் கொடி பிடிக்க வரலை. மொசில்லாக்காரங்க இருபது வருஷம் போல ஐஆர்சியிலேயே இருந்தவங்க. 2019 ஏப்ரல்ல, இனி இது வேணாம்னு அறிவிச்சாங்க. அவங்க சொன்ன காரணம் நியாயமானது. யாரு எவருன்னு தெரியாம உள்ளே வந்து தொல்லை பண்றாங்க, புதுசா வர்றவங்களுக்கு நுழையறதே கஷ்டமா இருக்கு. ஸ்லாக், மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், மேட்ரிக்ஸ்னு நாலையும் பயன்படுத்திப் பார்த்துட்டு, டிசம்பர்ல மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தாங்க. அதுவும் வெளிப்படையான நெறிமுறைதான். பழைய சர்வரை மூடினது 2020 மார்ச்லதான். அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்துச்சு.

ஃப்ரீநோட்ல அந்த அவகாசம் கிடைக்கலை. 2021 ஜூன் மாசம் நிர்வாகம் புது சர்வருக்கு மாறினப்போ, பழைய பதிவுகள் எல்லாம் போச்சு. யார் எந்த நிக், எந்த அறை யாரோடதுங்கற கணக்கே இல்லாமப் போயிடுச்சு. தினம் வர்றவங்க ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு இடம் மாறிட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற என்னை மாதிரி ஆளுங்கதான் தொலைஞ்சோம்.

நான் போனது அந்த வருஷக் கடைசியில். அறையில ஈ காக்கா இல்லை. என் நிக்கே என்னோடது இல்லை. லிபெராவுல போய்த் தேடினேன். அந்த பிரேசில்காரர் நிக்ல ஒருத்தர் இருந்தார். ஆசையா வணக்கம் சொன்னேன். "மன்னிக்கணும், அது நான் இல்லை, இந்தப் பேர் காலியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்"ன்னார். அவர் மேல என்ன தப்பு?

புதுசா ஒரு குழு ஆரம்பிச்சு, எங்கே பேசிக்கலாம்னு யாராவது கேட்டா நான் இப்போ வசதிகளைப் பத்தி முதல்ல பேசறதில்லை. மூணே கேள்விதான். நாளைக்கு முதல் தடவையா வர்றவர் சுலபமா உள்ளே நுழைய முடியுமா? சாவி யார் கையில இருக்கு? வீட்டைக் காலி பண்ண வேண்டி வந்தா, எப்பவாவது வர்றவருக்கும் புது விலாசம் போய்ச் சேருமா?

மூணாவது கேள்வியை யாரும் கேக்கறதில்லைங்க. நானும் 2021 வரைக்கும் கேட்டதில்லை. அந்த மனுசனோட நிஜப் பேரையாவது ஒரு தடவை கேட்டு வச்சிருக்கலாம்.