போர்ப் பதக்கப் பதிவுத் திருத்தம்

போர்ப் பதக்கப் பதிவுத் திருத்தம் என்பது, படையில் பணியாற்றிய ஒருவருக்குச் சேர வேண்டிய போர்க்காலப் பதக்கம் ஏட்டில் விடுபட்டிருந்தாலோ, பெயரும் எண்ணும் மாறிப் பதிவாகியிருந்தாலோ, அதைச் சரிசெய்யும்படி அவரோ குடும்பத்தாரோ கோரும் நடைமுறை. இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. படைச் சட்டம், பதிவு அலுவலக விதிகள், தீர்ப்பாய ஆணைகள், முன்னாள் படைவீரர்கள் எழுதிக் குவித்த மனுக்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய வழி இது.

பதக்கங்கள் இருவகை. போர் நடந்த பகுதியில் குறிப்பிட்ட காலம் பணியிலிருந்த அனைவருக்கும் உரியவை ஒருவகை. 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார், 1971 போருக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் பதக்கம், கார்கிலுக்கான ஆபரேஷன் விஜய் ஸ்டார் ஆகியன அத்தகையவை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப் படையினருக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம், ‘ஸ்ரீலங்கா’ என்று பொறித்த பட்டையோடு வழங்கப்பட்டது. இவற்றைக் கேட்பவர் தம் வீரத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் அவர் படைப்பிரிவு எங்கே இருந்தது, அவர் அதில் இருந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் ஏடு பதில் சொல்ல வேண்டும். மற்றொரு வகை வீரப் பதக்கங்கள். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் பின்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்குக் களத்திலிருந்த மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும். அதற்குச் செயலைக் கண்ணால் கண்டவர் வேண்டும். கண்டவர்கள் எல்லாரும் மடிந்துவிட்ட இடத்தில் என்ன செய்வது என்பதுதான் இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

தரைப்படை வீரர் ஒவ்வொருவருக்கும் ஷீட் ரோல் என்னும் பணியேடு உண்டு. படை எண், பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், உடலின் அடையாளக் குறிகள், பெற்ற பயிற்சிகள், தண்டனைகள், பதக்கங்கள் எல்லாம் அதில் ஏறும். இடையில் நேரும் மாற்றம் எதுவும் பார்ட் 2 ஆர்டர் என்னும் ஆணை வெளியான பிறகே ஏட்டுக்குள் வரும். போர் நடக்கும்போது படைப்பிரிவின் எழுத்தர் அந்த ஆணையைத் தயாரிக்கத் தவறினாலோ, காயமடைந்து மருத்துவமனைக்குப் போனவர் அங்கிருந்து வேறு பிரிவுக்கு மாற்றலானாலோ, பதக்க வரிசையில் ஓர் இடம் காலியாகிவிடும். ஓய்வுபெறும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் புக் இந்த ஏட்டின் சுருக்கம்தான். ஏட்டில் இல்லாதது அதிலும் இராது.

பழைய சென்னை மாகாணத்தவருக்கு இந்தச் சிக்கல் இரண்டாம் உலகப் போரிலிருந்தே தொடங்குகிறது. அப்போரில் இந்தியப் படையின் எண்ணிக்கை சுமார் 25 லட்சம். மதராஸ் ரெஜிமெண்ட்டிலும், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையிலும், போக்குவரத்து, தகவல் தொடர்புப் பிரிவுகளிலும் தமிழ் மாவட்டத்தார் ஏராளமாகச் சேர்ந்தனர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944இல் இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி மீது தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. இத்தனை பெரிய விருது பெற்ற அவருடைய பெயரே ஆங்கிலப் பதிவுகளில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலோடு காணப்படுகிறது. பதக்கம் மட்டும் பெற்று ஊர் திரும்பிய சாதாரணச் சிப்பாயின் பெயர் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான் உண்டு. ஆள்சேர்ப்பு எழுத்தர் அந்த எழுத்தை விரித்துத் தந்தை பெயரை முன்னே போட்டாரா, பின்னே போட்டாரா, விட்டேவிட்டாரா என்பது அவரவர் வழக்கம். ஒரே மனிதர் பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயரிலும், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயரிலும் வாழ்ந்து முடிந்திருக்கிறார்.

இதைவிடக் கடுமையானது ஏடுகளை அழிக்கும் விதி. ஓய்வூதியம் பெறாதவரின் ஆவணங்களை 25 ஆண்டும், ஓய்வூதியரின் ஆவணங்களை 50 ஆண்டும் வைத்திருந்து அழித்துவிடலாம் என்கின்றன படை விதிகள். உலகப் போர் முடிந்ததும் 1946-47இல் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் ஏடுகளை இந்தக் கணக்குப்படி 1970களின் தொடக்கத்திலேயே அழித்துவிட முடிந்தது. எஞ்சி நிற்பது லாங் ரோல் என்னும் பெரும் பதிவேட்டின் ஒற்றை வரிதான். அவர் பர்மா முனையில் இருந்தாரா, பண்டகசாலையில் இருந்தாரா என்பதை முழுமையாகச் சொல்ல அந்த வரிக்கு இயலாது. ஏட்டை அழித்த அலுவலகமே பின்னர் மனுதாரரிடம் ஆதாரம் கேட்பது நியாயமாகாது.

விடுதலைக்குப் பிந்திய போர்களில் ஏடு எப்படித் தவறும், எப்படித் திருந்தும் என்பதற்கு 1962 சீனப் போரின் ரெசாங் லா சண்டை முதல் பாடம். நவம்பர் 18 அன்று, லடாக்கின் சுசூலுக்கு அருகே 16,000 அடிக்கு மேற்பட்ட கணவாயில், 13 குமாவோன் படையின் சார்லி கம்பெனி மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் ஏறத்தாழ 120 பேரோடு நின்றது. பெரும்பாலோர் அங்கேயே மடிந்தனர். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது நம்பப்படவில்லை. 1963 பிப்ரவரியில் பனி விலகியபின் தேடிச் சென்றவர்கள், பதுங்கு குழிகளில் ஆயுதம் ஏந்திய நிலையிலேயே உறைந்து கிடந்த உடல்களைக் கண்டனர். அதன் பிறகுதான் பிழைத்தவர்களின் வாக்குமூலம் உண்மை என்று ஏற்கப்பட்டது.

ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போபய்யா தேவய்யாவின் கதை இன்னும் நீளமானது. குடகைச் சேர்ந்த அவர், 1965 செப்டம்பர் 7 அதிகாலை ஆதம்பூரிலிருந்து சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் புறப்பட்ட மிஸ்டேர் விமானங்களில் மாற்று விமானியாகச் சேர்ந்து பறந்தார். திரும்பி வரவில்லை. ‘காணாமல் போனவர்’ என்பதோடு இந்திய ஏடு நின்றுவிட்டது. அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தவர் இந்தியத் தரப்பில் எவருமில்லை. 1979இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் போரைப் பற்றி எழுதிய நூலில், தன்னைத் தாக்கிய எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை ஓர் இந்திய மிஸ்டேர் எதிர்த்துச் சுட்டு வீழ்த்தியதும், அதை ஓட்டிய விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பியதும் வெளியாயின. வேகத்திலும் திறனிலும் ஸ்டார்ஃபைட்டருக்கு மிகவும் பின்தங்கிய விமானம் மிஸ்டேர். அன்று திரும்பாத ஒரே மிஸ்டேர் தேவய்யாவுடையது என்பதால் அந்த மிஸ்டேரை ஓட்டியவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஓ.பி.தனேஜா விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். 1988இல் மகா வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. 23 ஆண்டுகள் கழித்து, எதிரி நாட்டுத் தரப்பின் சாட்சியத்தை ஏற்று இந்திய அரசு தன் ஏட்டைத் திருத்தியது. சாட்சி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட அந்த முடிவு, இன்றும் மனு எழுதுபவர்கள் எடுத்துக்காட்ட வேண்டிய முன்னுதாரணம்.

கார்கில் போர் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தந்தது. 18 கிரெனடியர்ஸ் படையின் யோகேந்திர சிங் யாதவுக்கு டைகர் ஹில் சண்டைக்காகப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டபோது, இறந்தபின் வழங்கப்படுவதாக வெளியானது. அவரோ மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்தார். அதே படையில் அதே பெயருடைய இன்னொருவர் வீரமரணம் அடைந்திருந்ததால் நேர்ந்த குழப்பம் அது. நாட்டின் தலையாய போர்க்கால வீர விருது என்பதால் உடனே திருந்தியது.

இரண்டாவது, பட்டாலிக் பகுதியில் 70ஆவது காலாட் படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கு. ஊடுருவியவர்களின் எண்ணிக்கை பெரிது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தார். கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால் அதை ஏற்கவில்லை. போருக்குப் பின் எழுதப்பட்ட வரலாற்றில் பிரிகேடியரின் பங்கு குறைத்துக் காட்டப்பட்டது. போர்க்கால விருதுக்குப் பதிலாக விசிஷ்ட சேவா பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பதவி உயர்வும் தடைபட்டது. வழக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் டெல்லி முதன்மை அமர்வுக்கு வந்தது. 2010 மே மாதம், தளபதி பாரபட்சத்தோடு நடந்துகொண்டார் என்று கூறி, பிரிகேடியரைப் பற்றித் தளபதி எழுதிய ரகசிய அறிக்கையின் பகுதியை நீக்கவும், ஆபரேஷன் விஜய் வரலாற்றில் பட்டாலிக் பற்றிய பகுதியைத் திருத்தவும் தீர்ப்பாயம் ஆணையிட்டது. தனிமனிதரின் பணியேட்டோடு நிற்காமல் போர் வரலாற்றையே திருத்தச் சொன்னது இந்தத் தீர்ப்பின் தனிச்சிறப்பு.

அந்தத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் உயர் நீதிமன்றம்தான் வழி. சிப்பாய் முதலில் 1950 படைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படியும், அதிகாரி 27ஆம் பிரிவின்படியும் முறையிட வேண்டும். துறைக்குள் இருக்கும் வழிகள் முடிந்த பிறகே தீர்ப்பாயம் பொதுவாக மனுவை ஏற்கும். இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது காலக்கெடு. தக்க காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். வீரத்தை எடைபோட்டு விருது கொடுப்பது தங்கள் வேலையல்ல என்பது நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. பரிந்துரை சென்ற பாதையில் பகையோ ஒருதலைச் சார்போ இருந்ததா என்பதை மட்டும் அவை பார்க்கும். தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக இயலாதபடி 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வழியடைத்தது. 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. எளிய சிப்பாய் டெல்லி வரை போகாமல் தன் மாநில உயர் நீதிமன்றத்திலேயே நீதி கேட்க முடிகிறது என்பதால் இது பெரிய மாற்றம்.

பிற நாடுகள் இதே சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டன. அமெரிக்கா 1946இலேயே படை ஏடுகளைத் திருத்துவதற்கென்று வாரியங்களை உருவாக்கியது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு ஏடுகளை மீட்டெழுதும் வேலையைக் காப்பகமே ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில் போரிட்ட கறுப்பின வீரர் ஹென்றி ஜான்சனுக்கு 2015இல் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்ததும் மறு ஆய்வால்தான். ஆஸ்திரேலியாவில் 1942இல் மூழ்கும் கப்பலிலிருந்து சுட்டுக்கொண்டே மடிந்த டெடி ஷீனுக்கு, குடும்பத்தாரின் நெடும் போராட்டத்துக்குப் பின் 2020இல் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

இந்தியாவில் இந்த வழி ஒருவருக்கு எவ்வளவு அலைச்சல் என்பதைக் காண, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூரில் வாழும் ஒரு முன்னாள் படைவீரரின் நிலையை எடுத்துக்கொள்வோம். 1971இல் களத்தில் இருந்த இப்பகுதியினர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய ஷீட் ரோலில் மாவட்டம் செங்கல்பட்டு என்று இருக்கும். 1997இல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. ஸ்பர்ஷ் என்னும் புதிய ஓய்வூதிய முறை 2021 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் படை ஏட்டோடு ஒத்துப்போகாத பலர் முதன்முறையாகத் தம் ஏட்டின் பிழைகளை அறிந்தார்கள். பதக்கம் விடுபட்டதும் அப்போதுதான் சிலர் கண்ணில் பட்டது. மனுவைத் திருவள்ளூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பலாம். எளாவூரிலிருந்து ரயிலில் போவதென்றால் சென்னைக்கு வந்து வேறு தடம் மாறித்தான் திருவள்ளூர் சேர முடியும். மதராஸ் ரெஜிமெண்ட்டுக்காரர் என்றால் ஏடு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சாப்பர்ஸ்காரர் என்றால் பெங்களூரில். இத்தனை அலைச்சலையும் முதுமையில் ஒருவர் தலையில் ஏற்றுவதற்குப் பதில், படைப்பிரிவின் போர் நாட்குறிப்போடு பதக்கப் பட்டியலை ஒத்துப் பார்க்கும் வேலையைப் பதிவு அலுவலகமே செய்யலாம். போர் ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்குவது என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்திருப்பதால், 1965, 1971 நாட்குறிப்புகளை மூடிவைக்க இனிக் காரணமும் இல்லை.

அதுவரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால், பதக்கத்தின் விளிம்பிலிருந்தோ பழைய கடித உறையிலிருந்தோ அவருடைய படை எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி மாறியிருந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு ஏட்டைத் தேட முடியும்.