மயக்கம் தெளியும்போது வலி

முழு மயக்க மருந்தில் நோயாளிக்கு நினைவு தப்பும். காயத்திலிருந்து நரம்புவழி கிளம்பும் வலிச் செய்தி நிற்பதில்லை. ஆகவே வலித்தணிப்பு அவர் கண் விழிக்கும் முன்பே தொடங்குகிறது. தையல் போடும்போதே பாராசிட்டமால் சிரைவழி ஏறும். வெட்டிய இடத்தைச் சுற்றி, அது மரத்துப்போக, புபிவகைன் ஊசி போடுவதும் உண்டு.

விழித்ததும் கேள்வி ஒன்றுதான்: பூஜ்யம் முதல் பத்து வரை வலி எவ்வளவு? குழந்தைகள் முகப்படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். எண் பெரிதென்றால் மார்பின் அல்லது ஃபென்டனில், சிறுசிறு அளவாக, மூச்சைக் கவனித்தபடி தரப்படும். மூச்சு மந்தமானால் நலோக்சோன் முறிமருந்து. முனகுகிறவருக்கெல்லாம் காயம்தான் வலிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம், குளிரில் உடல் நடுங்கலாம். கம்பளியால் தீர்வதற்கு ஊசி எதற்கு?

எதிர்த் திசையிலும் ஏமாறலாம்: முனகாதவருக்கும் வலி இருக்கலாம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷிக்கு இடக்கையில் வந்த சார்கோமா என்னும் புற்றுக்கட்டிக்காக 1949-இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையை அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். வலியை அவர் மறுக்கவுமில்லை, பெரிதுபடுத்தவுமில்லை. இப்படிப் பொறுத்துக்கொள்கிறவர்கள் எந்த வார்டிலும் இருப்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது கேட்டால் 'பரவாயில்லை' என்பார்கள். இருமச் சொல்லிப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். வலிக்குப் பயந்து இருமாதவருக்கு நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வரலாம்.

வலியை அறிந்தால் மட்டும் போதாது, மருந்தும் கிடைக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் இந்தியாவில் மார்பின் கிடைப்பதே அரிதானது. 2014-இல் வந்த திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது.