மந்தம் என்னும் சொல்லும் மூளையின் சர்க்கரைச் செலவும்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய சிந்தனைத்திறன்

முன்னுரை

வயிறு செரிக்காவிட்டாலும் 'மந்தம்', அறிவு ஓடாவிட்டாலும் 'மந்தம்'. உடல் பருத்தவரின் மூளை மெதுவாகத்தான் இயங்கும் என்ற பொதுப்புத்தி இந்தச் சொல்வழக்கில் ஒளிந்திருக்கிறது. ஆய்வுகளோ நேர்மாறாகச் சொல்கின்றன: பருத்த உடலில் மூளை சர்க்கரையைக் கூடுதலாக எரிக்கிறது, எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் அந்தச் செலவு இறங்க, சிந்தனை கூர்மையடைகிறது. இந்த ஆதாயம் மெய்யானது. ஆனால் தாய்மொழியில் அளந்து, வைட்டமின் குறையாமல் காத்தால்தான் அது நோயாளிக்குச் சொந்தமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றும் ஐயமும்

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலை ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, 17 பருமனான பெண்களை இரைப்பை பைபாஸுக்கு முன்பும் 24 வாரங்களுக்குப் பின்பும் பெட் ஸ்கேனில் பார்த்தது. 16 ஒல்லியான பெண்களோடு ஒப்பிடுகையில், அறுவைக்கு முன்னர் பருமனான பெண்களின் மூளையின் பின்புறச் சிங்குலேட் மடிப்பில் சர்க்கரைச் செலவு மிகுந்திருந்தது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அறுவைக்குப் பின் செலவு இயல்புநிலைக்கு வந்தது. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் 'டிரெயில் மேக்கிங்' சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. பேரிங் தேய்ந்த மோட்டார் அதே தண்ணீரை ஏற்றக் கூடுதல் மின்சாரம் இழுப்பதுபோல, அழற்சியும் இன்சுலின் எதிர்ப்பும் மூளையின் வேலைக்கு விலையேற்றுகின்றன என்று இதை விளக்கலாம்.

ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதுபவர் பழக்கத்தால் தேறுவார் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் கன்ஸ்டாட் குழுவின் 2011 ஆய்வில், அறுவை செய்துகொண்டோரின் நினைவாற்றல் 12 வாரங்களில் மேம்பட்டது. அறுவையின்றி இருந்த பருமனானோரிடம் அம்முன்னேற்றம் இல்லை. பழக்கம் மட்டுமே காரணமென்றால் இரு குழுவும் தேறியிருக்க வேண்டும். எனினும் பயன் விளைவது எடை இறங்கியதாலா, நீரிழிவும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் தணிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல இச்சான்றுகள் போதா.

நெருளில் பொருத்திப் பார்த்தல்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல, நகர மேம்பாட்டு நிறுவனமான சிட்கோ எழுப்பிய நவி மும்பையின் நெருளுக்குப் பெயர்ந்தன. இவர்களுக்கு மேற்கத்திய அளவுகோல் பொருந்தாது. புனே மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினோடு சேர்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் தம் இருவரையுமே சான்றாக்கினார்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. 2022-இன் பன்னாட்டு வழிகாட்டுதலும் ஆசியர்க்கு பி.எம்.ஐ. 27.5-இலேயே அறுவை வாய்ப்பை வழங்க வேண்டும் என்கிறது. அறுவையின் வாசல் அகலும்போது சிந்தனையை அளக்கும் முறையும் திருந்த வேண்டாமா?

தாராவியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, அலுவலகத்தில் இந்தி பேசி, நெருளில் ஓய்வுபெற்றவரிடம் ஆங்கில அகரவரிசைச் சோதனையை நீட்டினால், அவர் திணறுவது மூளையாலா மொழியாலா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்படுத்தப்பட்டது. அந்த ஐந்தில் தமிழும் இல்லை, மராத்தியும் இல்லை.

வைட்டமின் இன்னொரு கவலை. அறுவைக்குப் பின் வாந்தி நீடித்தால் தயமின் சில வாரங்களிலேயே வற்றி, குழப்பமும் நடைத்தள்ளாட்டமும் தரும் வெர்னிக்கே நோய் வரலாம். பி12 உறிஞ்சப்படுவதும் குறையும். சைவ உணவுக்காரருக்கு அந்தக் கையிருப்பு முன்பே குறைவாயிருக்கலாம். கூர்மையடைந்த சிந்தனையை இக்குறைகள் மீண்டும் மழுங்கடிக்கும்.

முடிவுரை

அறுவைக்கு முன்பும், ஆறாம் மாதத்திலும், ஈராண்டு முடிவிலும் நோயாளியின் மொழியிலேயே சிந்தனைத்திறனை அளக்க வேண்டும்; அதே நாள்களில் பி12 அளவையும் பார்க்க வேண்டும். வாந்தி நிற்காதவருக்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் தயமின் தர வேண்டும். எடை இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும் மருத்துவக் கோப்பு பாதிக் கோப்பே.